புண்ணியத்தில் சேராத கிட்னி

என் கிட்னியில் ஒன்றை அண்ணிக்குத் தருகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை. அண்ணன் அழுதான். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி இருக்கிறதே என்று எரிச்சலோடு ஆறிப்போன காபியைக் குடித்து முடித்தேன்.

நான் கடவுளை நம்புகிறவள் இல்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, அப்படி நாலு பேரை எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த நாலு பேரும் மனசாட்சி, மனிதநேயம், கடமை என்று எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அதுவும் கிடையாது. இது நல்லது, இது கெட்டது என்று எங்கோ எழுதி வைத்திருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. பெரிய துக்கம் வந்து நம்பிக்கை போனதாகவும் கதை இல்லை. பால் பல் விழுகிற மாதிரி ஒருநாள் விழுந்தது. அந்த இடத்தில் வேறு முளைக்கவில்லை, மென்று தின்பதில் எனக்குக் கஷ்டமும் இல்லை. அப்படியானால் நீ திருடுவாயா, கொலை செய்வாயா என்று கேட்பார்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், அதற்கெல்லாம் எனக்கு நேரம் எங்கே என்பேன்.

டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அதை நான் அடிக்கடி மிதிப்பதால் பிரேக்கம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காரைக் கிளப்பும் முன் கண்ணை மூடிக் கும்பிடுகிறவர்களை நான் தடுப்பதில்லை. கும்பிட்டு முடித்ததும் மறக்காமல் கண்ணைத் திறக்கச் சொல்வேன்.

அண்ணி எனக்கு நேர் எதிர். காலையில் கும்பிடாமல் வாயில் தண்ணீர்கூட ஊற்ற மாட்டார். பொய் சொல்லவே மாட்டார். பக்கத்து வீட்டுப் பெண் முடி வெட்டிக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், நல்லாயில்லை என்று சொல்லி அனுப்புகிறவர். கீழ்த்தளத்தில் அவரும் அண்ணனும், மேலே நான். அவர் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே எங்களுக்குள் ஏழாம் பொருத்தம். என் நாக்கும் சும்மா இருக்காது. அவர் கும்பிட்டு எழும்போது, கடவுளுக்கு இன்றைக்கு என்ன வேலை கொடுத்தீர்கள் என்று கேட்பேன். உன்னிடம் பேசி என் வாயை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பார். பிறகு ஒரு வாரம் பேச்சு இருக்காது. எனக்கு அந்த வாரம் நிம்மதியாகவே போகும்.

அவருடைய இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன என்று தெரிந்ததும் டயாலிசிஸ் ஆரம்பித்தது. அண்ணனுக்குச் சர்க்கரை, அவனுடையதை எடுக்க முடியாது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணியின் கூடப்பிறந்தவர்கள் விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு நோயைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு அதுவரை இல்லாத முதுகுவலி வந்தது, இன்னொருவருக்குப் போனே வேலை செய்யவில்லை. டயாலிசிஸ் அண்ணிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இதயம் கெட்டுக்கொண்டு வந்தது. மாற்றாவிட்டால் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் அண்ணனைத் தனியே கூப்பிட்டுச் சொல்ல, அவன் நேரே சமையலறைக்கு வந்து எங்கள் இருவர் முன்னாலும் அதைக் கொட்டிவிட்டான். அப்போதுதான் என்னுடையதைப் பாருங்கள், இரண்டு பேருக்கும் ஒரே ரத்த வகைதானே என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு யோசித்தேன். யோசித்த பிறகும் அதேதான் பதிலாக இருந்தது.

கடவுளே உன் உருவத்தில் வந்திருக்கிறார் என்றான் அண்ணன். வருகிறவர் ரத்த வகை பார்த்து முன்னாடியே வந்திருக்கலாமே என்றேன். அவன் கோபித்துக்கொள்ளாதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பரிசோதனைகள் எல்லாம் பொருந்தின. மிச்சம் இருந்தது அனுமதிக் குழு. ரத்த சொந்தம் இல்லாத ஒருவர் உறுப்புக் கொடுத்தால், அவரை யாராவது மிரட்டினார்களா, விலைக்கு வாங்கினார்களா என்று அந்தக் குழு விசாரிக்கும். கொடுக்கிறவரைத் தனியாக, வாங்குகிறவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று கேட்பார்கள். அவர்கள் கையெழுத்துப் போடாமல் டாக்டர் கத்தியைத் தொட முடியாது.

அண்ணன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒரு காற்புள்ளிக்காக அரை நாள் சண்டை போடுகிற ஆள். என் பதிலையும் அவன்தான் திருத்தினான். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வாய் என்றான். தெரியாது என்று சொல்வேன் என்றேன். அவனுக்கு வியர்த்துவிட்டது. அண்ணி எனக்கு அம்மா மாதிரி, என்னைத் தூக்கி வளர்த்தார், இது என் கடமை என்று சொல்லச் சொன்னான். அண்ணி இந்த வீட்டுக்கு வரும்போது எனக்குக் கல்யாணமாகி விவாகரத்தும் முடிந்திருந்தது, எங்கிருந்து தூக்கி வளர்த்தார் என்று கேட்டேன். வளர்த்ததை மட்டும் எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்றான்.

சரி என்றேன். பொய் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. பொய் பாவம் என்று நம்புகிறவர்கள்தான் அதைச் சொல்லும்போது திக்குவார்கள். அண்ணியிடமும் அண்ணன் இதையே சொல்லச் சொன்னான். அண்ணி தலையை ஆட்டினார். டயாலிசிஸ் முடிந்து வந்த களைப்பில் ஆட்டிய தலை அது. இவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

குழுவின் முன்னால் நான் பிரமாதமாக நடித்தேன். ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் நீள மேசை, அதற்குப் பின்னால் வெள்ளை முடித் தலைவர், பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் வக்கீல். அம்மா மாதிரி என்று சொல்லும்போது தொண்டை சரியான இடத்தில் அடைத்தது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வெளியே வந்து அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தேன். அடுத்து அண்ணி உள்ளே போனார்.

அவர் உள்ளே சொன்னது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாத்தனாருக்கு என்னைப் பிடிக்காது, எனக்கும் அவளைப் பிடிக்காது, அவளுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, எதற்காகத் தருகிறாள் என்று எனக்கே புரியவில்லை, நீங்கள் கேட்டுச் சொன்னால் உபகாரமாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

விண்ணப்பம் அங்கேயே நின்றது. ஒருத்தி அம்மா மாதிரி என்கிறாள், மற்றவள் பிடிக்காது என்கிறாள், நடுவில் பணம் கைமாறியிருக்கிறது என்று சந்தேகப்படுவதில் அவர்கள்மேல் தப்பு சொல்ல முடியாது. வீட்டுக்கு ஆள் வந்து விசாரிக்கும், அதற்குப் பிறகு மறுபடியும் கூப்பிடுவோம் என்றார்கள். அண்ணன் பஸ் நிறுத்தத்தில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னதை மட்டும் அப்படியே சொல்கிறேன்.

"ஒருத்தி பொய் சொல்லிக் கெடுத்தா, ஒருத்தி உண்மை சொல்லிக் கெடுத்தா. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நான்தான் முதல்ல போய்ச் சேருவேன் போல இருக்கு."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் மூச்சு வாங்கியது. அவர் நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றபோது, பாதம் இரண்டும் வீங்கிச் செருப்புக்கு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கு யார்மேல் என்று தெரியாமல் பயங்கரக் கோபம் வந்தது.

விசாரணைக்கு வந்த பெண், அண்ணன் வீட்டில், மேலே மாடி இல்லாத முன்கூடத்தில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே வைத்திருந்த வாளியைத் தாண்டித்தான் நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. இவர்களிடம் கிட்னி வாங்கப் பணம் இருந்தால் முதலில் கூரையை அடைத்திருப்பார்களே என்று அவளுக்கே தோன்றியிருக்கும். பணச் சந்தேகம் ஓரளவு தீர்ந்தது. ஆனால் அதற்குள் வேறு ஒரு சிக்கலை அண்ணியே கிளப்பினார். எனக்கு உன் கிட்னி வேண்டாம் என்றார்.

டயாலிசிஸுக்கு அவரைக் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவருவது நான்தான், ஸ்கூல் காரில்தான். அன்று நான் ஓட்ட, அவர் பக்கத்தில், வழக்கமாக நான் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். வாயில் ஒரு சின்ன ஐஸ் துண்டு. தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதால் அதை வைத்துத்தான் நாக்கை ஈரப்படுத்திக்கொள்வார். வேண்டாம் என்று அவர் சொன்னதும் நான் கடுப்பில் வேகத்தைக் கூட்டினேன். இத்தனை ஊசி குத்திக்கொண்ட பிறகு இப்போது இது என்ன நாடகம், செத்துத் தொலைய வேண்டியதுதானே என்றுகூடச் சொல்லிவிட்டேன். அண்ணி காலடியில் இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தார். கார் நடுரோட்டில் குலுங்கி நின்றது.

"இப்பவாவது நின்னு பதில் சொல்லு," என்றார். "நீ புண்ணியம்னு நினைச்சுக் குடுத்தா நான் வாங்கிக்கலாம். அதைக் கடவுள் உனக்குத் திருப்பிக் குடுத்துடுவார். கடமைன்னு குடுத்தா, சரி, கடமை முடிஞ்சுதுன்னு நீ போயிடுவ. நீதான் எதையும் நம்பலயே. அப்ப திருப்பிக் குடுக்க வேண்டியது நான்தானே? எதை வச்சுக் குடுப்பேன்?"

"நான் திருப்பிக் கேட்டேனா?"

"கேட்கலைங்கிறதுதான் பயமா இருக்கு."

பின்னால் ஹாரன்கள். ஒரு லாரிக்காரர் எங்களைக் கடந்து போகும்போது தலையை வெளியே நீட்டி, ஸ்கூல் காரே இப்படியென்றால் ஊர் எப்படி உருப்படும் என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்விதான். நான் காரை ஓரமாக நிறுத்தினேன். அண்ணி மறுபடியும் காலைப் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டார்.

எனக்கு அண்ணியின் கேள்வி புரிந்தது. அவர் சின்னத்தனமாகப் பேசவில்லை. அவருடைய உலகத்தில் கொடுக்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார், எல்லாவற்றையும் அவர் சரிக்கட்டிவிடுவார். என்னிடமிருந்து வாங்கினால் நடுவில் யாரும் இல்லை. அவரும் நானும் மட்டும்தான். அவருக்கு அது ஒரு குழி மாதிரி தெரிந்திருக்கிறது. இரண்டு இனிப்பான வார்த்தை சொல்லி மூடிவிடலாம், எனக்கு வராததா. ஆனால் குழுவிடம் சொன்ன பொய்யில் ஏற்கெனவே ஒரு மாசம் போய்விட்டது. இந்த மனுஷியிடம் பொய் செல்லுபடியாகாது. அது தப்பு என்பதால் இல்லை, அவர் அதை வைத்துக்கொண்டு ஒருநாள்கூட வாழ மாட்டார் என்பதால்.

"எனக்குக் காரணம் தெரியல அண்ணி," என்றேன். "நீங்க சாகறது எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான் என்கிட்ட இருக்கு."

"பாசமா?"

"அப்படி ஒண்ணும் பொங்கல. பிடிக்கல, அவ்வளவுதான்."

அவர் ஐஸ் துண்டைக் கன்னத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினார். பின்னாடி வருத்தப்படுவியா என்று கேட்டார். படலாம் என்றேன். ஆபரேஷன் மேசையிலேயே நான் போய்விட்டால் என்றார். நல்ல கிட்னி ஒன்று வீணாய்ப் போச்சே என்று திட்டுவேன், ஆனால் உங்கள் கடவுளைத் திட்ட மாட்டேன், இல்லாதவரைத் திட்டி என்ன ஆகப் போகிறது என்றேன். அவர் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துச் செருப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டு, வண்டியை எடு, பசிக்கிறது என்றார். அதைச் சம்மதம் என்று நானாக எடுத்துக்கொள்ளாமல், வாங்கிக்கொள்வீர்களா மாட்டீர்களா என்று வாய்விட்டுக் கேட்டேன். வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

இரண்டாம் முறை குழு கூப்பிட்டபோது அண்ணன் படிக்கட்டிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டான். அம்மா மாதிரி வேண்டாம், அக்கா மாதிரி என்றாவது சொல் என்றான். பாவமாக இருந்தது. இருந்தாலும் கையை உதறிவிட்டுப் போனேன். முதல் தடவை சொன்னது பொய் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பிடிக்காது என்பதையும் சொன்னேன். அவர் சாவது பிடிக்கவில்லை என்பதையும் சொன்னேன். வக்கீல் இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை. தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்.

"கடவுள் இல்லைங்கிறீங்க. கடமை, தர்மம் எதுவும் இல்லைங்கிறீங்க. போன தடவை எங்ககிட்டயே பொய் சொல்லியிருக்கீங்க. உங்க வார்த்தையை நாங்க எதை வச்சும்மா நம்புறது?"

"நம்பாதீங்க சார். கேளுங்க. இன்னைக்குக் கேளுங்க, நாளைக்குக் கேளுங்க, மயக்க மருந்து குடுக்கிறதுக்கு முன்னாடியும் கேளுங்க. ஒவ்வொரு தடவையும் புதுசா பதில் சொல்றேன். என்கிட்ட வேற ஜாமீன் இல்ல."

மாட்டேன் என்று சொல்ல உங்களுக்குக் கடைசிவரை உரிமை உண்டு, யாரும் ஏன் என்று கேட்க முடியாது என்றார் வக்கீல். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாத இடம் ஒன்று எனக்கு வாய்த்தது அப்போதுதான்.

அண்ணி உள்ளே போய், அவளுக்கு நான் சாகறது பிடிக்கலையாம், வேறு காரணம் கிடையாதாம், நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன் என்றாராம். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போனது. அனுமதி கிடைத்தது. அண்ணன் பஸ் நிறுத்தத்தில் மறுபடியும் அழுதான்.

அதற்குப் பிறகு ஆபரேஷன்வரை இருந்த நாட்களைப் பற்றி நான் வீறாப்பாக எதுவும் சொல்லப் போவதில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று, இனி மீறினால் பாவம் என்று நம்புகிறவர்கள் அதன்மேல் சாய்ந்து கொஞ்சம் இளைப்பாறலாம். எனக்குச் சாய ஒன்றுமில்லை. தினமும் காலையில் பல் தேய்க்கும்போது, தருகிறாயா என்ற கேள்வி புதிதாக வந்து நின்றது. சில நாள் ஆமாம் என்று உடனே சொன்னேன். சில நாள் வாய் கொப்பளித்து, துணி மாற்றி, முதல் வகுப்புக்கு வந்த பையனை இரண்டு தெரு ஓட்டவிட்ட பிறகுதான் பதில் வந்தது. ஒருநாள் மத்தியானம்வரை வரவே இல்லை. அன்று டயாலிசிஸிலிருந்து அண்ணியைக் கூட்டிவந்து கீழே விட்டேன். மாடிப்படி ஏறும்போதுதான் ஆமாம் என்று வந்தது. யாருக்கும் தெரியாத ஆமாம்கள் அவை. ஒவ்வொன்றையும் நானே கல் உடைப்பது போல உடைத்து எடுத்தேன்.

ஆபரேஷன் அன்று எங்களைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். பச்சைத் துணி, காலில் இறுக்கமான உறை, கையில் ஊசி. குளிர்சாதனக் காற்று நேராக என் முகத்தில் அடித்தது. அண்ணி கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து என் பெயரை, பிறந்த நாளைச் சரிபார்த்தாள். பிறகு சட்டப்படி கடைசித் தடவை கேட்கிறேன், உங்கள் விருப்பத்தோடுதான் தருகிறீர்களா என்றாள்.

பதில் வரவில்லை.

எனக்குப் பயம். அதை அழகாகச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து, முதுகு திறந்த அந்தத் துணியோடு அப்படியே தெருவுக்கு ஓடிவிட வேண்டும் என்றிருந்தது. என் உடம்பு எனக்கு வேண்டும், முழுசாக வேண்டும் என்று வயிற்றுக்குள்ளிருந்து ஒன்று கத்தியது. அதை அதட்டி உட்கார வைக்க என்னிடம் ஒரு கடவுள் இல்லை, ஒரு தர்மம் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிறவர் என்று ஒருவரும் இல்லை. நர்ஸ் பொறுமையாக நின்றாள். அண்ணியின் உதடு நின்றுவிட்டது. அவர் தலையை என் பக்கம் திருப்பினார்.

"மாட்டேன்னு சொல்லணும்னா சொல்லிடு," என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. "அதுல பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். கடவுள்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

இந்த அம்மாள் பொய் சொல்ல மாட்டார். உண்மையாகவே சொல்ல மாட்டார். நான் இறங்கிப் போனால், டயாலிசிஸ் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, வாயில் ஐஸ் துண்டோடு, தன் கடவுளிடமிருந்து என்னை மறைத்துக்கொண்டே செத்துப்போவார். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரைக் கேலி செய்தே காலம் கழித்த எனக்குத் தெரியாதா. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

இப்போது என்னை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. அவரும் விட்டுவிட்டார். நான் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தேன், ஓட முடிகிறதா என்று பார்ப்பதற்காகத்தான். முடியும் போலத்தான் இருந்தது. கால்கள் நன்றாகவே இருந்தன. கதவும் திறந்துதான் கிடந்தது.

மறுபடியும் படுத்துக்கொண்டேன்.

"தர்றேன்," என்றேன் நர்ஸிடம். "என் விருப்பம்தான்."

பிறகு அண்ணியைப் பார்த்து, பேசாமல் படுங்கள், மூச்சு வாங்கும் என்றேன். அவர் கையை நீட்டினார். கட்டில்களுக்கு நடுவே கை எட்டவில்லை. நர்ஸ் அவர் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள். முதலில் என்னைத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள்.